மழையில்லாத மாடியில் பதினொரு மில்லிமீட்டர்

எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணி மீட்டர் படிக்கிற வேலை. வீடு வீடாப் போய், சந்துல குனிஞ்சு, மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்துத்தான் எழுதுவார். கடையில உக்காந்து குத்துமதிப்பா எழுதுற ஆளுங்களைக் கண்டாலே அவருக்குப் பத்திக்கிட்டு வரும். நாய் கடிச்ச அன்னைக்குக்கூட மீதி ஏழு வீட்டையும் பார்த்துட்டுத்தான் ஊசி போடப் போனார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இந்தக் காரியத்தைப் பண்ணினார்.

எங்க பொண்ணு ஆறாவது படிக்கிறா. எதை எடுத்தாலும் மூணாம் நாள் கைகழுவிடுவா. இலை ஒட்டுற நோட்டு நாலாவது இலையோட நின்னுச்சு. டீச்சர் கூப்பிட்டுக் கறாரா சொல்லிட்டாங்க: "மழை அளக்குற நோட்டு, அறுபது நாள். இதையும் பாதியில விட்டா அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டோம்."

அன்னையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கல. எட்டாவதுல இப்படித்தான் ஒரு நோட்டைப் பாதியில விட்டுட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஆள் அவர்.

மொட்டை மாடியில வெட்டின பாட்டில், அதுல ஒட்டின ஸ்கேல். தினம் ஆறரைக்குப் பார்த்து எழுதிட்டு, தண்ணி இருந்தா கொட்டிடணும். வானமோ கண்ணைத் திறக்கல. சைபர், சைபர், சைபர். பதினாறாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டா. "போம்மா, சைபர்தான். பார்க்காமலே எழுதிக்கலாம்."

அதைக் கேட்டு மீட்டர்காரர் முகம் செத்துப்போச்சு.

மறுநாள் ரெண்டு மில்லிமீட்டர்! குதிச்சுக்கிட்டு இறங்கி வந்தா. அடுத்த நாள் மூணு. அப்புறம் நாலு. சந்தேகம் வந்து ஒருநாள் விடியறப்போ மாடிக்குப் போனேன். கொடியில துண்டு மொறுமொறுன்னு காய்ஞ்சிருக்கு, பாட்டில்ல மட்டும் தண்ணி. தொட்டிக்குப் பின்னால இவர், கையில சொம்பு.

"அடப்பாவி மனுஷா! தெரிஞ்சா நம்ம பிள்ளையைத்தானே பொய் சொன்னான்னு சொல்லுவாங்க?"

"மெதுவாப் பேசுடி. அவ எழுந்திருக்கிறா இல்ல, அது போதும்."

சும்மா சொல்லக் கூடாது, அலாரத்துக்கு முன்னாடியே எழுந்திரிச்சா. அவ சீக்கிரம் எழுந்தா இவர் அதைவிடச் சீக்கிரம். நானும் வாயை மூடிக்கிட்டேன். ஆனா தெருவுல வேற பிள்ளை நோட்டோட போனாலே நான் கதவைச் சாத்திக்குவேன். அதுல எல்லாம் சைபர்தானே இருக்கும்? இவருக்கோ தொழில் புத்தி விட்டுப் போகல. மீட்டர் எண் இறங்கிப் பார்த்ததே இல்லையே, தினம் ஒண்ணு கூட்டிக் கூட்டியே ஊத்தியிருக்கார்.

பதினொண்ணு வந்த அன்னைக்கு டீச்சர் மூணு பேரையும் வரச் சொன்னாங்க. வகுப்பு வாசல்ல அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஊருக்கே மழை இல்லை. உங்க மாடியில மட்டும் பத்து நாளா மழை. அதுவும் மீட்டர் மாதிரி ஏறிக்கிட்டே போகுது," நோட்டை விரிச்சாங்க டீச்சர். "யார் எழுதினது?"

"நான்தான் டீச்சர்,"ன்னா பொண்ணு. "இருந்ததைத்தான் எழுதினேன். ஓரத்துல பாருங்க."

பொடி எழுத்துல பத்து நாளும் எழுதியிருக்கா. 'துண்டு நனையவில்லை. மழை இல்லை. தண்ணீர் எப்படி வருகிறது? நாளை இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும்.'

இவர் உடைஞ்சுட்டார். "நான்தாங்க ஊத்தினேன். விட்டுடுவாளோன்னு பயம்."

பொண்ணு அவரைத் திரும்பியே பார்க்கல. "அந்தப் பத்து நாளை அடிச்சிடு. மிச்ச நாளை முடிச்சாப் போதும்,"ன்னாங்க டீச்சர். எனக்கு அப்பதான் நிஜமான பயமே வந்துச்சு. இனிமே அவ எதுக்கு எழுந்திருக்கணும்? யாரை நம்பி எழுதணும்?

மறுநாள் அலாரம் அடிச்சு ஓய்ஞ்சது. நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கோம். ஒரு சத்தமும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மாடிப்படியில காலடி.

இறங்கி வந்து, நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால நீட்டினா.

"சைபர். நீயும் போய்ப் பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போடு. பார்க்காம போடாதப்பா."

செருப்புகூடப் போடாம மாடிக்கு ஓடினார்.