ரெக்கார்டு மாதிரி ஒரு குரல்

1. கைச்சரக்கு

லைட் மியூசிக் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்த முதல் நாள், உறையூரில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டாவது பாட்டில், சரணத்துக்கு முன்னால் வரும் வாத்தியப் பிட்டில், ஆர்வக் கோளாறில் நானாக நாலு சுரம் சேர்த்து வாசித்தேன். எனக்கு அது அழகாகவே பட்டது. பாட்டு முடிந்ததும் குழுவை நடத்திய மாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, இது யாரு போட்ட பிட்டு?"

"நான்தான் சார்."

"உங்கள யாரு கேட்டா? ரெக்கார்டுல என்ன இருக்கோ அத மட்டும் வாசிங்க. சனங்க அதக் கேக்கத்தான் வந்திருக்காங்க."

எங்கள் தொழிலில் சொற்களுக்கு அர்த்தமே வேறு. வெளியே 'காப்பி' என்றால் வசவு. எங்களுக்கு அது பாராட்டு. 'அச்சு அசல்', 'அப்படியே ரெக்கார்டு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பட்டம் கிடையாது. கொஞ்சம் குறைந்தால் 'சாயல் இருக்கு' என்பார்கள். சொந்தமாக எதையாவது சேர்த்தால் அது 'கைச்சரக்கு'. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே மாஸ்டரின் முகம் சுளிக்கும்.

2. மைக் பார்க்கும் நேரம்

எங்கள் குழுவின் 'அப்படியே ரெக்கார்டு' கோமதி. திருவெறும்பூரில் வீடு, கணவருக்குத் தொழிற்சாலை வேலை. புகழ்பெற்ற சினிமாப் பாடகி ஒருவரின் குரலை அப்படியே கொண்டுவருவார். அந்தப் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில்தான் கோமதியும் மூச்சு வாங்குவார். சமையல் செய்யும்போதும் செல்போனில் அதே பாட்டுகள்தான் ஓடும். புக் பண்ண வருகிறவர்கள் கோமதியின் பெயரைக் கேட்க மாட்டார்கள். "அவங்க மாதிரியே பாடுமே ஒரு அம்மா, அது வருமா?" என்பார்கள்.

கூட்டம் வருவதற்கு முன் மைக்கைச் சோதிக்கும்போது மட்டும் கோமதி வார்த்தையில்லாமல் எதையோ முனகுவார். அந்தக் குரலே வேறு. கொஞ்சம் கனமானது, அடிஸ்தாயியில் லேசாகக் கரகரப்பது.

"இது எந்தப் பாட்டும்மா?"

"பாட்டெல்லாம் இல்ல சார். சும்மா மைக் பாக்குறேன்."

அதைக் கேட்பதற்காகவே நான் எல்லாக் கச்சேரிக்கும் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்பேன்.

3. தேர்வு

ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குத் திருச்சியில் ஆள் தேர்வு நடந்தது. கோமதிக்கு வாசிக்க நான் போயிருந்தேன். பாடி முடித்ததும் நடுவராக இருந்த பெண்மணி மென்மையாகத்தான் சொன்னார்:

"சுருதி சுத்தமா இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியல. ஆனா இது நகல்மா. கண்ண மூடினா அவங்கதான் பாடுறாங்க. இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

கோமதி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். டீக்கடையில் வாங்கிய டீ கையிலேயே ஆறியது.

"இத்தன வருஷமா எதுக்குக் கைதட்டினாங்களோ அதையேதான் சார் இப்பக் குறைன்னு சொல்றாங்க."

"மைக் பாக்கும்போது பாடுவீங்களே, அந்தக் குரல்ல ஒரு தடவ மேடையில பாடிப் பாருங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஆறிய டீயைக் குடித்து முடித்தார்.

4. வெந்நீர்

அடுத்த கச்சேரி, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கல்யாணம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மண்டபம். எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் கோமதி எடுத்தார். ஆனால் பல்லவி தன் குரலில் வந்தது. நூறு முறை வாசித்த பாட்டை அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல் இருந்தது எனக்கு. ரிதம் வாசிக்கிற பையன்கூட என்னைத் திரும்பிப் பார்த்தான்.

முதல் சரணம் முடிவதற்குள் பெண்ணின் தாய்மாமன் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். "என்னம்மா, தொண்ட கட்டிருச்சா? வெந்நி கொண்டாரச் சொல்லட்டா?"

கேலி இல்லை, உண்மையான அக்கறை. முன்வரிசையில் இரண்டொருவர் சிரித்தார்கள். மாஸ்டர் பின்னாலிருந்து, "பழைய குரலுக்கு வாங்கம்மா, பேர் கெட்டுப் போயிரும்" என்றார்.

வெந்நீர் வந்தது. கோமதி அதைக் குடித்தார். இரண்டாவது சரணத்தை 'அப்படியே ரெக்கார்டு' மாதிரி பாடினார். மண்டபமே கைதட்டியது.

அதற்குப் பிறகு மைக் பார்க்கும்போது "ஹலோ, ஹலோ" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கணவர் ஓய்வு பெற்றதும் மகள் இருக்கும் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள்.

5. ஸ்ரீரங்கத்தில்

சமீபத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். நானும் வாசிப்பதை விட்டாயிற்று. அவர் இடுப்பில் ஒரு பேத்தி.

"பாடுறீங்களாம்மா?"

"இவளத் தூங்க வைக்க மட்டுந்தான் சார். வாயில வந்ததப் பாடுவேன். யாரு மாதிரி இருக்குன்னு இவ கேக்க மாட்டா" என்று சிரித்தார்.

இரண்டு வரி பாடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. "போயிட்டு வரேன் சார், அட்சதை போடணும்" என்று உள்ளே போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒருவர் வேலையை நகல் என்று சொல்வது எளிது. பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் அவர் தன் குரலில் பாடத் தொடங்கும்போது, ஒரு பாட்டு முடியும் வரையாவது பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். அன்று கோமதி தன் குரலில் பாடாமல் விட்ட இரண்டாவது சரணத்தை, அந்தக் குரலில் எப்படி வந்திருக்கும் என்று, இன்றைக்கும் நான் மனசுக்குள் பாடிப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.