தண்ணீருக்கு ஏற்றிய மெழுகுவத்தி

மெழுகுவத்தி அணைந்ததும் திரியிலிருந்து ஒரு கருகல் வாடை கிளம்புமே, அது மூக்கில் ஏறினால் போதும், எனக்குக் குடிநீர்க் குழாய் ஞாபகம் வந்துவிடும். நேற்று மாலை மின்சாரம் போய்த் திரும்பியபோதும் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ. எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டிருந்தான். கொடி மாறியது, தபால்தலை மாறியது, துரைகளின் நாற்காலியில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த தோரணை மட்டும் அப்படியே இருந்தது. கூடவே அந்த மெழுகுவத்தியும் இருந்தது. அரசாங்க வேலையை ஏலம் விடுவதற்குப் பழைய பிரெஞ்சு முறை அது. மேசைமேல் விரல் நீளத்துக்கு ஒன்றைக் கொளுத்தி வைப்பார்கள். அரசாங்க மதிப்பீட்டில் நூற்றுக்கு இத்தனை குறைத்துச் செய்கிறேன் என்று காண்டிராக்டர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கழிவு சொல்லிக்கொண்டே போகவேண்டும். சுடர் அணையும் கணத்தில் கடைசியாகச் சொன்னவர் யாரோ, வேலை அவருக்கு. இவ்வளவு பெரிய ஞானத்தைக் கைவிட மனம் வராமல் புது அரசாங்கமும் அதற்குத் தீப்பெட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

என் அக்காள் புருஷன், மாமா, அதுவரை பிறத்தியார் காண்டிராக்டுக்குப் பள்ளம் வெட்டிக் கொடுத்தவர். நகரத்துக் குழாய்களில் பாதி அவர் வெட்டிய பள்ளத்தில்தான் படுத்திருந்தன. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. தேங்காய்த்திட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் போடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், அந்த வேலையைத் தன் பெயரில் எடுத்தே தீருவது என்று நின்றார். "எங்க வூட்டுக்காரரு இனிமே காண்டிராக்டரு" என்று அக்காள் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார்.

அலுவலகத் தாழ்வாரத்தில் காண்டிராக்டர்கள் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்கள். எந்த வேலை யாருக்கு என்று காலையில் காப்பி கிளப்பிலேயே பங்கு பிரித்துவிட்டு வந்தவர்கள். அன்றைய முறை, சட்டையில் தங்கப் பித்தான் போட்டிருந்த பெரிய மனிதருடையது. மாமாவைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி.

"இன்னா மேஸ்திரி, நீயுமா? யாரு எடுத்தாலும் பள்ளம் உனக்குத்தான்யா. சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துட்டுப் போ."

"இந்தத் தபா கொழாயும் என்னுதாவே இருக்கட்டுங்க."

"கொழாயா! அப்புறம் தண்ணியும் என்னுதும்பே, கடலும் என்னுதும்பே!"

வெற்றிலை எச்சில் தெறிக்க எல்லாரும் சிரித்தார்கள். அவர் பித்தானும் சிரித்தது.

உள்ளே கூடம் கொதித்தது. கடல் பக்கத்துச் சன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். அதுவும் கிளப்பில் பேசி வைத்த ஏற்பாடுதான் என்று ஊருக்கே தெரியும். முறைக்காரர் தன் கழிவைச் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார். பியூனுக்கு உடனே புழுக்கம் தாங்காது, சன்னலைத் திறப்பான். கடற்காற்று வரும், சுடர் போகும், வேலை முறைக்காரர் மடியில் விழும். காற்றின்மேல் யார் வழக்குப் போடுவது? தலைமை அதிகாரி, கழுத்தில் டை இறுக, இந்தத் திருட்டுக் காற்றை வருஷக்கணக்காகச் சுவாசித்து வாழ்ந்தவர். மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த எஞ்சினியர் மெழுகுவத்தியை மியூசியப் பொருள்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொளுத்தினார்கள். இரண்டு என்றார் ஒருவர், மூன்று என்றார் இன்னொருவர். எல்லாம் ஒப்புக்கு. தங்கப் பித்தான் மெல்லக் கனைத்துவிட்டு, "ஆறு" என்றார். கைக்குட்டை வெளியே வந்தது. பியூன் நடந்தான், தாழ்ப்பாளைத் தூக்கினான். அந்த மூச்சிலேயே மாமா எழுந்து, "ஏழு!" என்றார்.

சன்னல் திறந்துவிட்டது. அவர்கள் கூலி கொடுத்து வரவழைத்த காற்று மாமாவுக்காக உள்ளே வந்தது. சுடர் படுத்தது, நீலமாகச் சுருங்கியது. பித்தானின் முகம் செத்துப்போனது. ஒரு கண் இமைப்பு போதும், அக்காளின் புருஷன் காண்டிராக்டர்.

மாமா பாய்ந்தார். "ஐயோ, வெளக்கு, வெளக்கு!" என்று இரண்டு கையாலும் சுடரைப் பொத்தினார்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். அந்தி விளக்கு துடித்தால் யார் கை பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கை போய் மறைக்கும். விளக்கு அணைந்தது என்று வாயால்கூடச் சொல்ல மாட்டோம், மலையேறிற்று என்போம். அரசாங்கத்தின் சட்டம் மூளையில் ஏறுமுன் அந்தக் கை எழுந்துவிட்டது.

"மாமா, கைய எடுங்க!" என்று கத்தினேன். அவர் உள்ளங்கைகளுக்கு நடுவே சுடர் சொகுசாக நிமிர்ந்து நின்றது.

"ஏழரை" என்றார் தங்கப் பித்தான், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில்.

அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. எட்டு என்று சொல்ல வாயைத் திறந்தார், பதறிக் கையை இழுத்தார். வாய்க்கு முன்னால் காற்று முந்திக்கொண்டது. புகை எழுந்தது. "மெர்சி, முசியே" என்று தலைமை அதிகாரி பித்தானுக்குக் கை கொடுத்தார். இது முறைதானா என்று எஞ்சினியர் மெதுவாகக் கேட்டார். சட்டத்தில் கையைப் பற்றியும் ஒன்றுமில்லை, காற்றைப் பற்றியும் ஒன்றுமில்லை என்றார்கள். "வெரி இண்டரஸ்டிங்" என்றார் அந்தப் படித்த பிள்ளை. ஒரு குப்பத்தின் தாகத்துக்கு அரசாங்கம் செலவழித்த விசாரணை அவ்வளவுதான்.

வாசலில் பித்தான் மாமாவின் தோளில் தட்டினார். "மகராசன் கைய்யா உன் கை! நாளைக்கு ஆளுங்களோட வந்துடு. ஒரு மொழம் ஆழம் வெட்டுனா போதும்."

"பிளான்ல மூணு மொழம் போட்டிருக்குதே."

"பிளானா வந்து தண்ணி குடிக்கப் போவுது?"

மாமா தரையைப் பார்த்தார். "வர்றேங்க" என்றார்.

எனக்குப் பித்தான்மேல்கூட அவ்வளவு எரிச்சல் வரவில்லை. தெருமுனையில் மாமாமேல்தான் வெடித்தேன். "அவங்கிட்டயே கூலிக்குப் போறீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்குது. வேற எவனாவது போனா ஒரு மொழத்துல பொதைச்சிட்டுப் போயிடுவான். மாட்டுவண்டி ஏறுனா ஒடையும்."

"மூணு மொழம் வெட்டுனா அதுக்குக் கூலி குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளில் ஏறினவர், காலை ஊன்றி நின்று திரும்பினார்.

"தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா, மச்சான். நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ முந்திக்கினு போயி உங்கக்காகிட்ட எதையும் ஒளறி வைக்காத."