கூரை சுமக்கும் முகம்

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், என் கணவரின் அக்காவான மச்சாள் வீட்டில் இருந்தோம். விருந்துக்குச் சமைப்பது நான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்குச் சோறு.

பின்னர் சிலை வார்க்கப் பழகினேன். மச்சாள் யூனியன்வில்லில் வீடு வாங்கியதும், வாசலுக்குக் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் கேட்டார். அந்தக் கோயில்களில் கூரையைத் தலையில் சுமக்கும் பெண்சிலைகள் உண்டு. தோற்ற எதிரிகளின் பெண்களுக்குக் கொடுத்த தண்டனை அது என்றொரு கதை. அப்படியொன்று வார்த்து, என்னைப் பார்க்கும்போது மட்டும் மச்சாள் காட்டும் கடுகடுத்த முகத்தை அதற்கு வைத்தேன்.

புதுவீட்டுக் குடிபூரலன்று ஒரு அன்ரி வாசலில் நின்று கேட்டார்: "உது கண்ணூறு படாமல் வைச்ச பூதமோ, பிள்ளை?"

மச்சாள் அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் தன் முகத்தைக் கண்டார்.

நான் முதல் பந்தியில் உட்கார்ந்து, "மச்சாள், சோறு போடுங்கோ" என்றேன்.

பழிவாங்கினால் மனம் ஆறாது என்பார்கள். எனக்கு ஆறியது.