பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

"சார், சாவி குடுத்தீங்களா, முள்ள நகத்திட்டீங்களா?"

ஷாகிரா டீச்சர் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்ட கேள்வி இது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவர் தம்பி ஆம்பூரிலிருந்து தொலைபேசியில் "அக்கா போய்ட்டாங்க சார்" என்றபோது, அழுகைக்கு முன்னால் இந்தக் கேள்விதான் வந்து நின்றது.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் கணக்கு நடத்தினோம். அவரிடம் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. தினமும் முதல் வகுப்புக்குப் போகும் முன் அதைக் கழற்றி, குமிழை இரண்டு விரலால் திருகுவார். "ஒரு பேட்டரி வாட்ச் வாங்கக் கூடாதா டீச்சர்?" என்று கிண்டல் செய்வேன். "இது நான் மறந்தாதான் சார் நிக்கும். பேட்டரி வாட்ச் அது இஷ்டத்துக்கு நிக்கும். எது தேவல?" என்பார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுக் கணக்குத் தேர்வு. பள்ளியின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட தனி அறை. பள்ளி மணி அங்கே கேட்காது. டீச்சர் தன் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துத்தான் கைமணி அடிப்பார். நடுவில் தலைமையாசிரியர் கூப்பிட, என்னை நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். சும்மா இருக்க முடியாமல் கடிகாரத்தை எடுத்தேன். பிள்ளைகளைப் பார்த்தபடியே, அவர் செய்வதுபோலக் குமிழை லேசாகத் திருகினேன்.

வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். குமிழ் உள்ளே இருக்கும்போது திருகினால் வில் இறுகும், அதுதான் சாவி. கொஞ்சம் வெளியே இழுபட்டிருந்தால், அதே திருகலில் முள் நகரும். கவனமில்லாத விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். கடிகாரத்தைக் கீழே வைக்கும்போது குமிழ் 'டக்' என்று உள்ளே போனது. அது வெளியே வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. நேரத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. டீச்சர் வந்துவிட்டார், நான் கிளம்பிவிட்டேன்.

அவர் பத்து நிமிடம் முன்னதாகவே மணி அடித்து விடைத்தாள்களை வாங்கிவிட்டார்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் வைத்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சாவிதான் குடுத்தேன்" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சார்" என்றார். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அம்மா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். "இன்னா டீச்சர், உங்க வாட்ச் பேஜார் பண்ணா எம் பொண்ணு கணக்கு போடாம எந்திரிச்சு வரணுமா?"

"தப்புதாம்மா. மறுபடி பரீட்ச வைக்கச் சொல்லிக் கேக்கறேன்."

கேட்டார், அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு பெண்கள் தேறவில்லை. கோடை விடுமுறை முழுக்க அவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லிக்கொடுத்து, துணைத்தேர்வில் தேறவைத்தார்.

ஆனால் 'பத்து நிமிஷ டீச்சர்' என்ற பெயர் அவரை விடவில்லை. பணி நிறைவு விழாவில்கூட ஒருவர் மேடையேறி அதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு வாசலில் பழைய மாணவி ஒருத்தி தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரொம்ப நல்லவங்கடி. ஒரே ஒரு தபா மணிய முன்னாடியே அடிச்சிட்டாங்க, அவ்ளோதான்." சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உடலை வைத்த ஜனாஸாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. எனக்காக அவர் வாங்கிக்கொண்ட கெட்ட பெயர் ஒன்றுதான் மிச்சம்; அது முதலிலிருந்தே என்னுடையது. அந்தத் தகரக் கூரை அறையில் தேர்வு எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே வீட்டில் உங்கள் பிள்ளைகளிடம், தவறு ஷாகிரா டீச்சருடையது இல்லை என்று சொல்லுங்கள். யாருடையது என்று கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.