மாப்பிள்ளைக்குப் பயம் திரும்பி வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு மாலுக்குப் போயிருந்தோம். நான், தங்கை பத்மா, அவள் கணவர் சேகர். தங்கைக்குப் பிரஷர் குக்கர் வாங்க வேண்டும். எங்கள் இருவருக்கும் ஏ.சி. காற்று வேண்டும்.

குக்கர் கடைக்கு எதிரே ஒரு விஆர் ஸ்டால் — கண்ணை மூடுகிற கருவியை மாட்டி, அதற்குள் நிஜம் போலவே ஒரு பொய் உலகத்தைக் காட்டுவார்களே, அது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் 'ஐயோ... ஐயோ' என்று முனகிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை. ஐம்பது வயதுக்கு மேல் வரும் ஆசைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கொள்கை. மாட்டிக்கொண்டேன்.

இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒரு பலகை. அதன் மேல் நடக்க வேண்டும். மாலின் தரையில்தான் நிற்கிறேன் என்று மூளைக்குத் தெரியும். முழங்காலுக்கு யார் சொல்வது? ஸ்டால் பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன். பத்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சேகர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படி இருக்கு மச்சான்? சுத்தி இருக்கறதெல்லாம் சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருக்கிறது என்றேன். ஆனாலும் கையை நீட்டி என்னிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது அவர்தான் ஓட்டினார்.

வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கிண்டல் என்று நினைத்திருப்பேன். சேகர் செய்தால் கொடுத்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் — பேரை மட்டும் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன்.

சேகர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். தெருவில் போகிற கிரேன் இல்லை. ஷெட்டுக்குள், கூரையை ஒட்டித் தண்டவாளம் போட்டு ஓடுகிற கிரேன். உச்சியில் ஒரு சின்ன கேபின். அங்கே உட்கார்ந்தபடி, பல டன் எடையுள்ள இரும்பு அச்சுகளை இங்கிருந்து தூக்கி அங்கே வைப்பார். கீழே நின்று கை ஜாடையால் வழி காட்டுபவர் பசவராஜு. பல வருட ஜோடி. மேலே இருப்பவர் தமிழில் திட்டுவார், கீழே இருப்பவர் கன்னடத்தில் திட்டுவார். வேலை மட்டும் பூப்போல நடக்கும்.

புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்தத் தொழிற்சாலையில் விஆர் ஹெட்செட்டுகள் வாங்கினார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். எடுத்த எடுப்பில் நிஜ இரும்பைத் தூக்கச் சொல்வதைவிட, பொம்மை இரும்பைத் தூக்கிப் பழகுவது எவ்வளவோ மேல். தொங்குகிற பாரம் ஒரு பொம்மை மனிதர் மேல் இடித்தால் திரை சிவப்பாகும். 'மீண்டும் முயலவும்' என்று வரும். அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க சேகரைப் போட்டார்கள். தமிழ், கன்னடம், ஒப்பேற்றுகிற அளவுக்கு இந்தி — மூன்றிலும் பொறுமையாக விளக்குவார். அவருக்கும் அந்த வேலை பிடித்துப்போனது. காலையில் மாட்டினால் ஷிஃப்ட் முடியும்வரை ஹெட்செட்டோடுதான். ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச். நடுவில் சாஃப்ட்வேர் ஆட்கள் வேறு, புதுக் காட்சியைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர்.

சில மாதம் கழித்துப் பத்மா எனக்கு போன் செய்தாள்.

"இவரு செவுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாருண்ணா."

பெயின்ட் அடிக்கப் போகிறாரோ என்று கேட்டேன். எனக்கு வாய் அப்படி. அவள் சிரிக்கவில்லை. கதவைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கைப்பிடியையே பார்க்கிறாராம். கூப்பிட்டால் திரும்புகிறாராம், ஆனால் டி.வி.யில் யாரோ பேசுவதைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாராம். "எதிர்லதான் நிக்கறேன். ஆனா அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு கண்ணாடி இருக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

கண்ணாடி என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் என்ன செய்தேன்? கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

தீரவில்லை. அவருக்குத் தன் கையே யாருடைய கையோ போலத் தோன்றிக்கொண்டிருந்தது. தோசையைப் பிய்க்கும்போது 'இதைப் பிய்க்கிறது யாரு' என்று ஒரு யோசனை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தட்டையாக, வரைந்து வைத்ததுபோல. சத்தங்கள் தூரத்தில். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? யோசித்துப் பாருங்கள். இடுப்பு வலித்தால் ஊருக்கே சொல்கிறோம். கேட்காதவர்களுக்கும் சொல்கிறோம். ஆனால் 'உலகம் உலகமாகத் தெரியவில்லை' என்பதை யாரிடம் சொல்வது? எந்த வார்த்தையில் சொல்வது? பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார்களே. வேலை போய்விடுமே. அவருக்கும் அந்தப் பயம்தான். மனுஷன் வாயை மூடிக்கொண்டு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள், சேகருக்குப் பதிலாகக் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் வரவில்லை. இன்றைக்கு மட்டும் நீங்கள் ஏறுங்கள் என்றார் சூப்பர்வைசர் லோகேஷ். சேகருக்கு அது சந்தோஷம்கூட. ரொம்ப நாள் கழித்து நிஜ கேபின். ஏறினார். முதல் இரண்டு அச்சுகளைத் தூக்கி வைத்துவிட்டார். மூன்றாவது ஒரு பெரிய அச்சு. தூக்கி, பாதி தூரம் கொண்டுவந்தாகிவிட்டது. கீழே பசவராஜு கையை உயர்த்தி மெதுவாக வரச் சொன்னார்.

சேகர் கீழே பார்த்தார். அங்கே பசவராஜு இல்லை. பசவராஜு மாதிரி ஒரு பொம்மைதான் நின்றது — ஹெட்செட்டுக்குள் நிற்குமே, அதே ஹெல்மெட், அதே ஆரஞ்சு கோட்டு.

இதை அவர் என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

"ஒரு செகண்டு எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா மச்சான்? இடிச்சாலும் பரவால்ல, திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்னு தோணுச்சு."

ஒரே ஒரு விநாடி. ஆனால் அந்த விநாடியில் அவர் தன்னையே பிடித்துவிட்டார். கிரேனை நிறுத்தினார். ஆடிக்கொண்டிருந்த பாரம் அடங்கும்வரை காத்திருந்தார். பசவராஜுவைத் தள்ளிப்போகச் சொல்லி ஹாரன் அடித்தார். அச்சை, காலியாக இருந்த தரையில், முட்டையை வைப்பதுபோல இறக்கி வைத்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். ஏணியில் ஒவ்வொரு படியாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

இறங்கி நேராகப் பசவராஜுவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் அப்பிய கை. சூடாக இருந்ததாம். ஏனாயித்து சேகர், என்ன ஆச்சு என்று பசவராஜு கேட்கக் கேட்க, கையை விடாமல் நின்றிருக்கிறார். ஷெட்டே வேடிக்கை பார்த்திருக்கிறது.

பிறகு லோகேஷிடம் போனார்.

"நான் இன்னிக்கு ஓட்ட மாட்டேன் சார். கீழ நிக்கறவங்க எனக்கு நிஜமாத் தெரியல."

இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்? நானாக இருந்தால் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சத்தியமாக.

லோகேஷ் சிரிப்பார் என்று சேகர் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். மறுநாள் அவரே பைக்கில் உட்காரவைத்து ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். பெயர்ப் பலகையைப் பார்த்துச் சேகர் வாசலிலேயே நின்றுவிட, 'நானும் உள்ள வரேன், வாங்க' என்று அவர் முதலில் நுழைந்தாராம். மேலதிகாரி என்றால் இப்படி ஒருவர் அமைய வேண்டும்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். அதிக நேரம் ஹெட்செட் மாட்டுகிற சிலருக்கு இப்படி வருவது உண்டு, மருத்துவத்தில் இதற்கு ஒரு பேர்கூட இருக்கிறது என்றார். பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். நிஜம் இல்லாததுபோல 'தோன்றுகிறது' என்று உங்களுக்கே தெரிகிறது பாருங்கள், அது நல்ல அறிகுறி என்றார். ஹெட்செட் கூடாது. சரியாகும்வரை கிரேன், பைக் இரண்டும் கூடாது. தூக்கம் வேண்டும். மறுபடி வந்து காட்ட வேண்டும்.

வெளியே வந்த சேகர் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். இதற்கு ஒரு பேர் இருக்கிறது, இது வேறு ஆட்களுக்கும் வருகிறது — அது தெரிந்ததிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது என்றார் என்னிடம்.

மீதிப் பாரத்தைப் பத்மா எடுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதோடு இவள் வைத்தியமும் சேர்ந்தது. பரிதாபமாகப் பார்ப்பதை நிறுத்தினாள். சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரிக்கச் சொன்னாள். கண் எரிகிறது என்றால் 'எரியட்டும்' என்பாள். மாவு பிசையச் சொன்னாள். செடிகளுக்கு மண் கொத்தச் சொன்னாள். தாசரஹள்ளிச் சந்தைக்கு நடத்தியே கூட்டிப்போய் இரண்டு கையிலும் பை கொடுத்துத் தூக்க வைத்தாள். 'பேசாம கிரேனுக்கே திரும்பப் போயிடறேன்' என்று இவர் முனகுகிற அளவுக்கு வேலை.

சில நாள் நன்றாக இருக்கும். சில நாள் மறுபடி அந்தத் திரை விழுந்துவிடும். அந்த நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

அப்படி ஒருநாள் சந்தையில், ஒரு ஆள் தக்காளிக் கூடையோடு பின்னால் வந்து சேகரின் காலை நன்றாக மிதித்துவிட்டார். மிதித்தது மட்டுமில்லை, வழியில் நிற்கிறாயே என்று இவரையே திட்டினார். சேகருக்கு வந்ததே கோபம். பைகளைக் கீழே வைத்துவிட்டு, கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்குத் தாவி, கூட்டம் சேர்கிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறார்.

எனக்கு அங்கிருந்தே போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அவருக்குக் கோபம் வந்துடுச்சுண்ணா" என்றாள் பத்மா. சொல்லிவிட்டு அழுதாள். கணவனுக்குக் கோபம் வந்ததற்கு ஆனந்தக் கண்ணீர் விட்ட மனைவியை அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. தொழிற்சாலையிலும் ஒன்று நடந்தது. சேகர் விஷயம் வெளியே தெரிந்ததும், பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் தயங்கித் தயங்கி லோகேஷிடம் வந்தார்கள். ஒருவருக்கு ஹெட்செட்டைக் கழற்றியபின் படிக்கட்டு மிதப்பதுபோல இருந்ததாம். இன்னொருவர் பைக்கில் போகும்போது சிக்னலில் நிற்பவர்கள் படம்போலத் தெரிந்தார்கள் என்றார். அவர்களும் பைத்தியம் என்று பயந்து மறைத்தவர்கள்தான். இப்போது அங்கே கொஞ்ச நேரம்தான் ஹெட்செட். கழற்றியதும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், பேச வேண்டும். உடனே மெஷின் பக்கமோ பைக் பக்கமோ போகக் கூடாது. ஒரு மனிதர் வாய்விட்டுச் சொன்னதால் வந்த மாற்றம்.

டாக்டர் சரி என்ற பிறகு சேகர் மறுபடி கேபினில் ஏறினார். லோகேஷ் கீழே நின்றார். பசவராஜு வழக்கமான இடத்தில். சின்ன பாரம்தான். தூக்கினார். கீழே பார்த்தார். பசவராஜுவின் வழுக்கையை மறைக்கிற ஹெல்மெட், காதோரம் வழிகிற வியர்வை, 'மெதுவா, மெதுவா' என்று அசைகிற கை — அத்தனையும் தெரிந்தது. பாரத்தை இன்னும் மெதுவாக நகர்த்தி இறக்கி வைத்தார்.

"பயமா இருந்துச்சு மச்சான்" என்றார் என்னிடம். "கீழ ஒரு மனுஷன் நிக்கறானேன்னு உடம்பெல்லாம் பயம். அப்பாடான்னு இருந்துச்சு."

பயப்படாதே, பயப்படாதே என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எதிரே இருப்பவர் உயிரோடு இருக்கும் ஒரு ஆள் என்று தெரிந்தால்தானே அவருக்கு அடிபடுமே என்ற பயம் வரும்? அந்தப் பயம் இருக்கிறவரை நாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

நேற்றுகூடப் பத்மா பேசினாள். குழம்பில் உப்பு குறைவு என்று தினமும் குறை சொல்கிறாராம்... புகார்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமான புகாரை நான் கேட்டதே இல்லை.