குளத்தங்கரையில் விட்டுப்போன செருப்புகள்

போன வருடம் ஐப்பசியில், ஜப்பானில் நாங்கள் குடியிருந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள மிகப் பழைய ஷிண்டோ கோயில் ஒன்றில் நடந்தது இது. ஷிண்டோ என்பது அந்த நாட்டின் ஆதி வழிபாடு. மலை, மரம், அருவி எல்லாவற்றிலும் சாமி இருக்கிறது என்பார்கள். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை.

கணவருக்கு அங்கே வேலை. நானும் இரண்டரை வயது மகளும் போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் காலையில் போனால், மகள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வயதுக் குழந்தைகள் கோவையாகப் பேசும்போது இவள் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டாள். படித்த பெண்தானே நான், எங்கே தப்புச் செய்கிறேன் என்று போனில் தேடிக்கொண்டே இருப்பேன். தேடத் தேடப் பயம்தான் கூடும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வீடியோவில் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பேன். "புள்ள சாப்ட்டாளா? ஏன் இப்டி எளச்சி கெடக்கறா?" என்பார் அம்மா. கண்ணமங்கலத்திலிருந்து மாமியார் கேட்பதும் அதேதான்.

கோயிலுக்குப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"அந்த ஊரு சாமிக்கு நம்ம பாஷ புரியுமாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நீ பேசறது உன் வூட்டுக்காரருக்கே புரியல, சாமிக்காவது புரியட்டும். இன்னா சாமியா இருந்தா இன்னா, போய் வேண்டிக்க. செருப்ப மட்டும் வெளியவே வுட்டுட்டு போ, இன்னா?"

எங்கள் மலையில் கோயில் கண்ணில் பட்டதுமே செருப்பைக் கழற்றிவிடுவோம். ஆனால் அங்கே, பெரிய மரத்தூண் வாசலைத் தாண்டி, சரளைக்கல் பாதையில், எல்லாரும் ஷூ காலோடு போய்க்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று யோசித்தேன். கழற்றினால் சிரிப்பார்களோ? கழற்றாவிட்டால் சாமி குற்றம் ஆகுமோ? குழந்தைக்காக வேண்டிக்கொள்ள வந்துவிட்டு அதில் போய்க் குறை வைப்பானேன் என்று கடைசியில் கழற்றிவிட்டேன்.

அந்த நாட்டில் செருப்பைக் கண்டபடி விடக்கூடாது, வரிசையாக வைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. வாசலை ஒட்டி ஒரு குளம். அதன் கல்விளிம்பு சுத்தமாக இருந்தது. அங்கே என் செருப்பையும், பக்கத்தில் மகளுடைய சின்னச் செருப்பையும் ஒழுங்காக வைத்தேன். மகளுடையது கண்ணமங்கலத்தில் வாங்கியது, நடந்தால் கீக் கீக் என்று கத்தும். மகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்த தள்ளுவண்டி சரளைக்கல்லில் உருளாது. அதையும் அங்கேயே நிறுத்திவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கற்கள் சில்லென்று குத்தின. பெரிய சன்னிதியில் மற்றவர்களைப் பார்த்து நானும் குனிந்து, கை தட்டி, என் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பின்னால் காட்டுக்குள் ஒரு பாதை போனது. வழியெல்லாம் குட்டிக் குட்டிச் சன்னிதிகள். பாதை முடியும் இடத்தில், நாலு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத ஒரு மரம். அதன் இடுப்பில் வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. எங்கள் மலையாக இருந்தால் மஞ்சள் துணி கட்டியிருப்பார்கள். அதன் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மகள் மடியிலேயே தூங்கிவிட்டாள். ஆள் நடமாட்டம் இல்லை. குழாயைத் திறக்காமலே அழ முடிந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

திடீரென்று தூரத்தில் ஆட்கள் கூப்பிடும் சத்தம். கொஞ்ச நேரத்தில், கீக்.

மகளுடைய செருப்புச் சத்தம். அவளோ வெறுங்காலோடு என் மடியில் தூங்குகிறாள். அவளை இறுக அணைத்துக்கொண்டேன்.

பாதை வளைவில் ஒரு பெண் ஓடி வந்தாள். வெள்ளை மேலங்கி, சிவப்புப் பாவாடை. கோயிலில் வேலை செய்பவள். என் வயதுதான் இருக்கும். மகளுடைய செருப்புகளை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். அழுந்தும்போதெல்லாம் அவை கத்தின. அவள் பின்னால் இரண்டு காவலாளிகள். ஒருவர் கையில் நீளமான கழி, முழங்கால்வரை நனைந்த கால்சட்டை.

அவள் வந்த வேகத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏதோ வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய மன்னிப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து நீட்டினாள். தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவள் மூச்சு வாங்கப் பேசினாள். செய்தி வாசிப்பதுபோல் ஓர் இயந்திரக் குரல் கேட்டது.

"நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? குழந்தை நலமாக இருக்கிறதா?"

"நலம்தான்" என்றேன். எங்கள் ஊரில் கோயிலுக்குள் செருப்போடு போக மாட்டோம் என்பதையும் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அவள் என் கால்களைப் பார்த்தாள். அப்படியே சரளைக்கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காவலாளிகளும் சிரித்தார்கள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னதைப் போன் சொன்னது. உயிரை விடத் துணிந்தவர்கள் தண்ணீர் ஓரத்தில் செருப்பை ஒழுங்காக வைத்துவிட்டுப் போவதுண்டாம். குளக்கரையில் ஒரு பெண்ணின் செருப்பு, குழந்தையின் செருப்பு, காலியான தள்ளுவண்டி. குளத்தில் இறங்கித் தேடியிருக்கிறார்கள்.

வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை. எழுந்து போய்விட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் அவள் மணிக்கட்டை விடவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அழுத முகம் வீங்கியிருந்திருக்கும். மறுபடியும் போனில் பேசினாள்.

"நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

அதே கேள்வி. இந்த முறை குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. நலம்தான் என்று வாய்வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"இல்லங்க. எனக்கு முடியல."

இயந்திரம் அதையும் மொழிபெயர்த்துச் சொன்னது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே அழைத்துப்போய் என் கால்களைக் கம்பளியால் போர்த்தி, சூடாகத் தேநீர் கொடுத்து, கணவருக்குப் போன் செய்யச் சொன்னாள்.

அவர் அலறியடித்து வந்தார். "ஏய், இன்னா பண்ணி வெச்ச?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க புள்ளயப் பத்தித்தான கேட்டீங்க?"

அவர் மகளை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மறு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அதன் பிறகு பல நாட்கள், மகள் விழித்திருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் நான் செருப்புக் கதையை மட்டும்தான் சொன்னேன். "நான் சரியாத்தான சொன்னேன். அவங்களுக்கு எவ்ளோ வெவரம் பத்தல பாரு!" என்றார்.

இப்போது ஊருக்கே திரும்பிவிட்டோம். மகள் பேசுகிறாள், நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் எல்லாரும் குழந்தையைக் கொஞ்சுவார்கள். நான் அந்தப் பெண்ணிடம், "நீ நல்லா இருக்கியாம்மா?" என்பேன். "நல்லாக்கீறேன்க்கா" என்று உடனே பதில் வரும். முதல் தடவை நானும் அப்படித்தான் சொன்னேன் என்பது நினைவிருப்பதால், மலை ஏறி முடிவதற்குள் இன்னொரு தடவை கேட்டுவிடுகிறேன்.