நானூறு லட்டுப் பெட்டி

மலர்க்கொடியின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தால் அது பெட்டியாகத் திரும்பி வராது. பற்பசை வந்த அட்டையாகட்டும், பக்கத்து வீட்டுக்கு வந்த சேலைப் பெட்டியாகட்டும், முதலில் மோந்து பார்ப்பாள். அப்புறம் நகத்தால் ஓரத்தை நெம்பி, ஒட்டு ஒட்டாகப் பிரித்து, தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"ஏம்மே, அதுல இன்னா படமா ஓடுது?" என்பான் புருஷன் சிங்காரம். கடலுக்குப் போய்விட்டுப் பசியோடு வந்தவனுக்குக் கோபம் வராதா?

"இங்க பாரு மாமா, ஒரே அட்டைதான். நடுவுல எங்கயும் ஒட்டே இல்ல. எப்பிடி மடிச்சான்?" என்பாள் அவள். சோறு அப்புறம்தான் வரும்.

கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரி. சுனாமி வந்து போன அடுத்த வருஷம், செம்மண்டலத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் மீனவப் பெண்களுக்குக் கைத்தொழில் சொல்லித் தந்தார்கள். வாழ்த்து அட்டை, காகிதப் பூ, பரிசுப் பெட்டி. இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதம் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. அத்தோடு இருபத்தோரு பேர் மறுபடி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீன் அன்றைக்கே விற்கும், வாழ்த்து அட்டைக்கு எவன் அலைகிறான்? இவள் ஒருத்திதான் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

முதல் வருஷப் புத்தாண்டு அட்டைகளைக் கடைக்காரர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். "அழகாத்தாம்மா இருக்குது. ஆனா பிரிச்சா கருவாட்டு வாசம் வருதே" என்றார். வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். மலர்க்கொடிக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து காபித்தூள் டப்பாவில் ஒரு காகிதம், மல்லிகைப் பூவோடு ஒன்று, கருவாட்டுப் பானையில் ஒன்று என்று நாலு நாள் போட்டு வைத்தாள். சிங்காரத்தின் கண்ணைக் கட்டிவிட்டு மூன்றையும் மூக்கில் பிடித்தாள். மனுஷன் மூன்றையும் சரியாகச் சொன்னான்.

"காயிதம் குடிக்குது மாமா! பக்கத்துல எது இருந்தாலும் குடிக்குது!"

அன்றிலிருந்து கருவாட்டுப் பானை தோட்டத்துக்குப் போனது.

அடுத்த வருஷம் வேறு தொல்லை. மைதாப் பசையின் ருசிக்குப் பூச்சி வந்து அட்டைகளை ஓரம் ஓரமாகத் தின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் துண்டு அட்டை வாங்கச் சிதம்பரம் போனவள், பைண்டிங் கடை ராஜமாணிக்கத்தின் பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள். பசை லேசாக நீலமாக இருந்தது. சும்மா இருப்பாளா? விரலை விட்டாள்.

"அய்ய, அந்தக் கைய வாயில வெச்சிடாதம்மா. மயில்துத்தம் போட்டிருக்கேன். ஒரு பூச்சி கிட்ட வராது" என்றார் ராஜமாணிக்கம்.

அவர் சொன்னதில் பின்பாதிதான் இவள் மண்டையில் ஏறியது. திரும்புகிற வழியிலேயே ஒரு பொட்டலம் துத்தம் வாங்கினாள், நீலக் கற்கண்டு மாதிரி இருக்குமே, அதேதான். பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அட்டையைப் பூச்சி தொடவில்லை.

அதற்குள் ஊரெல்லாம் செல்போனில் வாழ்த்து அனுப்ப ஆரம்பித்துவிட்டது. இவள் அலட்டிக்கொள்ளவில்லை. அட்டையை விட்டுப் பெட்டிக்கு மாறினாள். பெட்டியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப முடியாதே!

2009 ஆவணியில் வந்தது அந்த ஆர்டர். சிதம்பரத்தில் அரிசி மண்டி வைத்திருந்த தேவநாதன், அவர் மனைவி கொளஞ்சியம்மாள், இவர்களின் மகள் மோகனப்பிரியாவுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க நானூறு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நெய் லட்டு. மூடியே தாமரை மாதிரி மடிந்து மூடிக்கொள்ளும் பெட்டி அது, மலர்க்கொடி தானாகக் கண்டுபிடித்த மடிப்பு. மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கொளஞ்சியம்மாள், "அடியில சின்னதா உம் பேரப் போடும்மா. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அவள் பேரா! அதுவரைக்கும் எந்தக் கடையிலும் "சுனாமி ட்ரெயினிங் பொம்பள" என்பதுதான் அவளுக்குப் பேர். ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினாள். "மலர்க்கொடி, கடலூர்" என்று நானூறு தடவை குத்தினாள். இந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டால் போதும், இனி அவள் பெட்டிக்காரிதான், யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கூடுதலாகச் செய்த ஒன்று வீட்டில் மிஞ்சியது. காகிதம் நெய்யை எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை. ஒரு லட்டை வாங்கி உள்ளே வைத்து மூடினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் திறந்தாள். லட்டின் அடிப்பாகம் பச்சையாக இருந்தது.

பூசணமோ என்று விரலால் தேய்த்தாள், உதிரவில்லை. பெட்டியைப் பிரித்தாள். ஒட்டிய இடங்களிலெல்லாம் பச்சை இன்னும் அழுத்தமாக இருந்தது. நெய் காகிதத்துக்குள் ஊறி, பசைவரைக்கும் போய், பசையில் இருந்ததை லட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. குடித்ததைக் காகிதம் திருப்பியும் கொடுக்கும் போலிருக்கிறதே! அப்போதுதான் ராஜமாணிக்கம் சொன்ன முன்பாதி நினைவுக்கு வந்தது. அந்தக் கைய வாயில வெச்சிடாதம்மா.

லட்டைத் தேய்த்த விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். வாழ்த்து அட்டையை யாரும் தின்பதில்லை. லட்டுப் பெட்டிக்கும் அதே பசையைக் காய்ச்சினாயே, பாவி!

"ஒரு லட்டுதானம்மே, ஒண்ணும் ஆவாது. நீயே போயி சொன்னன்னு வை, அப்புறம் ஜென்மத்துக்கும் எவனும் ஆர்டர் குடுக்க மாட்டான்" என்றான் சிங்காரம். அவன் கெட்டவன் இல்லை, அவள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன்.

"சின்னப் புள்ளைங்கதான் மாமா மொத ஆளா திங்கும். அடியில எம் பேரு வேற இருக்குது."

மூன்று தடவை போன் அடித்தாள். கல்யாண வீட்டில் யார் எடுப்பார்கள்? பச்சை லட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். சிதம்பரம் போய்ச் சேரும்வரை உட்காரவே இல்லை.

மண்டபத்துச் சமையல் கூடத்தில் லட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அறுபது பெட்டிபோல முடிந்திருந்தது. ஓரமாக ஒரு குட்டிப் பெண் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தது.

"திங்காத! அதுல விஷம்!"

கல்யாண வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தேவநாதனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "நல்ல காரியம் நடக்குற எடத்துல வந்து இன்னா வார்த்த பேசுற நீ?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மலர்க்கொடி முந்தானையை அவிழ்த்து லட்டை நீட்டினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. கொளஞ்சியம்மாள் லட்டைத் திருப்பிப் பார்த்தாள். குட்டிப் பெண்ணின் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். அறுபது லட்டும் குழிக்குப் போனது, மிச்சத்தைப் பாக்குமட்டைத் தட்டில் வைத்துக் கொடுப்பதென்று முடிவானது.

"உம் பெட்டிய எடுத்துக்கினு போ" என்றாள் கொளஞ்சியம்மாள். அவ்வளவுதான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடற்கரையில் பெட்டிகளைக் குவித்துக் கொளுத்தினாள். அழுதுகொண்டேதான் கொளுத்தினாள். ஆனால் பசை எரிகிற ஓரமெல்லாம் தீ பச்சையாக எழும்பியதும் அழுகையை நிறுத்திவிட்டு, "மாமா, நெருப்பு ஏன் பச்சையா எரியுது?" என்றாள். சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டான்.

அப்புறம் ஒன்பது மாதம் சொல்லிக்கொள்ளும்படி ஆர்டர் இல்லை. மீன்கூடை தூக்கினாள். ஸ்டாம்பைத் துணியில் சுற்றிப் பலகைமேல் போட்டுவிட்டாள். ஆனாலும் கை சும்மா இருக்குமா? வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்தாள், நாறியது. மஞ்சள் போட்டாள், கறை. கடைசியில் வசம்பை இடித்துப் பசையில் கலந்தாள். பூச்சி வரவில்லை. உள்பக்கம் பட்டர் பேப்பரும் வைத்தாள்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. கொளஞ்சியம்மாள் இறங்கி வந்தாள். வாங்க என்பதற்குள் கையிலிருந்த தூக்குவாளியிலிருந்து ஒரு லட்டை எடுத்து நீட்டினாள்.

"இப்ப செய்யிற பெட்டியில இத வை. வெள்ளிக்கிழம வர்றேன்."

உலகத்துப் பெட்டியை எல்லாம் பிரித்துப் பார்த்தவள், அந்த ஒரு பெட்டியை மட்டும் நாலு நாள் திறக்கவில்லை. கை எவ்வளவோ பரபரத்தது. அந்தம்மா கண்ணெதிரில்தான் திறக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கொளஞ்சியம்மாளே திறந்தாள். லட்டைத் திருப்பினாள். அடியிலும் மேலே இருந்த அதே மஞ்சள். பெட்டியை மோந்து பார்த்தாள்.

"வசம்பா?"

"ஆமாங்கம்மா. புள்ளைங்களுக்கு ஒரசிக் குடுக்குறதுதான். இருங்க, மொதல்ல நான் தின்னு காட்டறேன்" என்று கை நீட்டினாள் மலர்க்கொடி. அதற்குள் கொளஞ்சியம்மாள் லட்டைப் பிட்டுப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மீதியை இவள் கையில் வைத்தாள்.

"அன்னிக்கு எங்க வூட்டு விசேஷத்துல அந்த வார்த்தைய சொன்னப்ப உன்ன அறையணும்னு எனக்குக் கை துடிச்சுது. மறுநாளு பந்தியில புள்ளைங்க லட்ட முழுசா வாயில அடைச்சிக்கினு ஓடுதுங்க. பாத்துக்கினு நிக்க முடியலம்மா என்னால. தூணப் புடிச்சிக்கினு உக்காந்துட்டேன்."

மலர்க்கொடிக்கு அழுகை வந்தது. வாயில் லட்டு இருந்ததால் அது பாதியில் நின்றது.

"மோகனாவுக்கு வளைகாப்பு. எழுநூறு பெட்டி வேணும்" என்று சொல்லிக்கொண்டே கொளஞ்சியம்மாள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இன்னா, அடியில வெறும் அட்டையா இருக்குது? பேரு எங்க?"

மலர்க்கொடி உள்ளே ஓடிப் பலகைமேல் துழாவி ஸ்டாம்பை எடுத்தாள். மை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பெட்டியின் அடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.